துயர் கேட்கும் அவையில் தலைமை யாருக்கு?

மனிதன் தன் மகிழ்ச்சியைப் பிறரோடு பகிர்ந்துகொள்ளத் தயங்குவதில்லை. துயரைப் பகிர்ந்துகொள்வதற்கோ அவனுக்கு இடமும் வேண்டியிருக்கிறது; துணையும் வேண்டியிருக்கிறது; பல வேளைகளில் பிறரது அனுமதியும் வேண்டியிருக்கிறது. ஒரே வகைத் துன்பத்துக்கு உள்ளானோர் ஒன்றுகூடி, ஒருவர் கூறுவதை மற்றவர் கேட்டு, அவ்வாறு கேட்பதனாலேயே ஆறுதல் பெறும் சிறு குழுக்கள் இன்று உலகின் பல பாகங்களிலும் இயங்கி வருகின்றன. இவற்றை ஆறுதற் குழுக்கள் என இக்கட்டுரையில் அழைப்போம். இத்தகைய குழுவொன்றில் சேர்பவர் எதனை நாடிச் சேர்கிறார்? அதற்குத் தலைமை தாங்குபவர் எந்த உரிமையினால் தலைமை தாங்குகிறார்? பிறரது கண்ணீருக்கு ஒருவர் தலைவராதல் இயலுமா? இவை உளவியல் வினாக்கள் மட்டுமல்ல; அறவியல் வினாக்களுமாகும். ஊவா மாகாணத்துத் தோட்டங்களை முன்வைத்து இவற்றை ஆராய்தல் பொருத்தமுடைத்து. துயர் அங்கே மிகுதி என்பது மட்டும் இதற்குக் காரணமன்று. தலைமை என்ற சொல்லுக்கு அங்கே தனியானதொரு வரலாறு உண்டு.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தைக்கு அண்மையிலுள்ள மீரியபெத்தை தோட்டத்தில் மலை சரிந்தது. லயங்கள் மண்ணுள் புதைந்தன. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர், திரும்பி வந்தபோது அவர்களுக்கு வீடுமில்லை, சிலருக்குப் பெற்றோருமில்லை. தேடுதல் நாட்கணக்கில் நடந்தும் புதையுண்டோரில் பலரது உடல்கள் மீட்கப்படவேயில்லை. எஞ்சியோர் பாடசாலைகளிலும், பின்னர் மாக்கந்தையில் இயங்காதிருந்த தேயிலைத் தொழிற்சாலை ஒன்றிலும் தங்கினர். புதிய வீடுகள் அவர்கள் கைக்கு வர ஏறக்குறைய ஈராண்டுகள் சென்றன. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொண்டுவந்த பெருமழையின்போது அதே மாவட்டத்தில் மீண்டும் மலைகள் சரிந்தன. மீண்டும் உயிர்கள் போயின.

இத்தகைய அழிவின் பின்னர் எண்ணக்கூடிய இழப்புக்கள் எண்ணப்படுகின்றன. வீடுகள் எத்தனை, குடும்பங்கள் எத்தனை, உலர் உணவுப் பொதிகள் எத்தனை என்ற கணக்கு எழுதப்படுகிறது. எழுதப்படவும் வேண்டும். ஆயின் மழை பெய்யும் ஒவ்வோர் இரவும் உறங்காது விழித்திருக்கும் தாயின் அச்சம் எந்த இடாப்பிலும் ஏறுவதில்லை. உடல் கிடைக்காமையாற் கருமாதி செய்வதா விடுவதா எனத் தெளியாது ஆண்டுகளைக் கழிக்கும் தந்தையின் நிலைக்கு நட்டஈட்டுப் படிவத்தில் இடமில்லை. இயற்கை அனர்த்தம் மட்டுமன்று, வேறு துயர்களும் உள. வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குச் சென்ற தாயின் குரலைத் தொலைபேசியில் மட்டும் அறிந்து வளரும் பிள்ளை, குடியினாற் சிதைந்த குடும்பம், தற்கொலையால் ஒருவரை இழந்து அதனை வெளியே சொல்லவும் கூசும் வீடு என இப்பட்டியல் நீளும். இவர்களுக்கு ஆறுதல் எங்கே?

நமது மக்கள் இவ்வினாவுக்கு விடை அறியாதவர்கள் அல்லர். துக்கம் விசாரித்தல் என்ற வழக்கத்தை நோக்குக. இழவு வீட்டுக்குச் செல்பவர் சொல்வதற்கு எதுவும் இல்லாமலே செல்கிறார், உட்கார்ந்திருக்கிறார், எழுந்து வருகிறார். அங்கு அவர் இருந்தார் என்பதே அவர் கொண்டுசென்ற ஆறுதல். ஒப்பாரியோ இன்னும் நுண்ணியது. ஒப்புச் சொல்லி அழுவதால் அது ஒப்பாரி எனப்பட்டது என்பர். பெண்கள் வட்டமாக அமர்ந்து, ஒருவர் தோளை ஒருவர் பற்றி அழுகையில், ஒருத்தி தொடங்குகிறாள், மற்றொருத்தி தொடர்கிறாள், தொடங்கியவள் பின் கேட்பவளாகிறாள். இறந்தவர் ஒரு வீட்டுக்காரர். ஆயினும் அழும் ஒவ்வொருத்தியும் என்றோ தான் இழந்த தன்னவரையும் சேர்த்தே அழுகிறாள். பிறர் துயரில் தன் துயருக்கும் சொல் கிடைக்கிறது. மாசி மாதத்தில் தோட்டங்களில் ஆடப்படும் காமன் கூத்தில், எரிந்த காமனுக்காக ரதி புலம்பும்போது தோட்டமே கூடிநின்று அப்புலம்பலைக் கேட்பதும் இவ்வகையினதே.

1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக மலையகக் குடும்பங்கள் பிரிக்கப்பட்டு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட காலத்தில், தலைமன்னாரை நோக்கிச் சென்ற புகையிரதத்தை மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று அழைத்தனர். இறந்தவருக்கு உரிய அழுகையை உயிரோடு பிரிவோருக்கும் வழங்கிய அப்பெயர் ஒரு சமூகத்தின் துயர அறிவுக்குச் சான்றாகும். அங்கே துயர் தனிமனிதருடையதாக இருக்கவில்லை. ஒரு புகையிரதம் முழுவதும் அதனைச் சுமந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக விளங்கிய தயா சோமசுந்தரம், போரினாலும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையாலும் விளைந்த காயங்களை ஆராய்ந்து, அவை தனிமனிதர் உள்ளத்தில் மட்டுமன்றிக் குடும்பத்திலும் ஊரிலும் பதிகின்றன எனவும், எனவே ஆற்றுதலும் கூட்டாகவே நிகழ வேண்டும் எனவும் எழுதினார். ஒப்பாரிக் கோச்சியில் ஏறியவர்களுக்கு இக்கருத்து புதிதாக இருந்திராது.

அங்ஙனமாயின் பழைய வழக்கங்களே போதுமே, புதிய குழு எதற்கு என வினவலாம். பழைய வழக்கங்களுக்கு எல்லைகள் உண்டு. ஒப்பாரி நாட்கணக்குடையது, பதினாறாம் நாளுடன் ஊர் தன் வேலைக்குத் திரும்பிவிடுகிறது. ஆண்கள் வெளியே கதிரைகளில் இருக்க, அழுகை பெண்களுக்கே உரியதாகிறது. எல்லாவற்றினும் மேலாக, மரபு சில துயர்களை அங்கீகரிக்கிறது, சிலவற்றை அங்கீகரிப்பதில்லை. உடல் கிடைக்காத மரணத்துக்கு அங்கே சடங்கில்லை. தற்கொலை செய்தவனின் மனைவியிடம் துக்கம் விசாரிக்க வருபவர், கூடவே காரணமும் விசாரிக்கின்றனர். கணவன் அடித்தான் என்பதற்காக அழும் பெண்ணுடன் சேர்ந்து அழ ஒப்பாரியில் இடமில்லை. மரபு விட்ட இடத்திலிருந்தே ஆறுதற் குழுவின் வேலை தொடங்குகிறது.

இனி, சேர்தல் பற்றிய வினாவைக் கருதுவோம். குழுவிற் சேர்பவர் தன் பலவீனத்தை ஒப்புக்கொள்கிறார் என்ற எண்ணம் நம்மிடையே பரவலாக உண்டு. கற்றோரிடையே அது இன்னும் வலிமையுடன் உண்டு. இவ்வெண்ணம் பிழையானது என்பதைப் பௌத்த மரபின் கதையொன்று தெளிவாக்கும். இறந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த கிசாகோதமியிடம் புத்தர், சாவு நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கிவரச் சொன்னார். இக்கதை பொதுவாக நிலையாமைக்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. ஆயின் அவள் செய்தது யாது? வீடு வீடாகச் சென்றாள், கதவைத் தட்டினாள், ஒவ்வொரு வீட்டிலும் அவ்வீட்டாரின் இழப்பைக் கேட்டாள். உபதேசம் அவளை மாற்றுவதற்கு முன்னரே, கேட்டல் அவளை மாற்றிவிட்டது. தான் மட்டுமே இழந்தவள் என்ற தனிமையிலிருந்து அவள் மீண்டாள்.

இதே கதையின் சாயலை மணிமேகலையிலும் காண்கிறோம். சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதையில், மகன் சார்ங்கலனை இழந்த கோதமை, தன் உயிரை எடுத்துக்கொண்டு மகனுயிரைத் தருமாறு சம்பாபதியை வேண்டுகிறாள். அது யாராலும் ஆகாது என்பதை மெய்ப்பிக்க, சம்பாபதி தேவர்களையெல்லாம் அவள் முன் வரவழைத்துக் காட்டுகிறது. இரு கதைகளும் உணர்த்தும் உண்மை ஒன்றே. உணர்த்தும் வழிகளோ வேறு. ஒருத்திக்குத் தெய்வங்கள் சான்று பகர்ந்தன. மற்றவளுக்கு அண்டை வீட்டார் சான்று பகர்ந்தனர். அதிகாரத்தின் வாயிலாக வரும் ஆறுதலுக்கும் அயலாரின் வாயிலாக வரும் ஆறுதலுக்கும் உள்ள வேறுபாடு இங்கே புலனாகிறது. ஆறுதற் குழுவிற் சேர்பவர் கிசாகோதமியின் வழியிற் செல்கிறார். அவர் பெறுவதற்காக மட்டும் செல்வதில்லை. அவர் கேட்பதே இன்னொருவர் பெறும் பேறாகிறது.

மேற்குலகமும் இவ்வுண்மையைத் தன் வழியிற் கண்டது. 1935ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன ஒருவர், மீண்டும் குடித்துவிடுவோமோ என்ற அச்சத்தால், தம்மைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடிச் சென்று பேசினார். அவரைத் திருத்துவதற்காக அன்று, தாம் பிழைப்பதற்காகவே பேசினார். அல்கஹோலிக்ஸ் அனொனிமஸ் என்ற, பெயர் கூறாது இயங்கும் அமைப்பு அவ்விருவர் சந்திப்பிற் பிறந்தது. 1953இல் இலண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலையை எண்ணுவோருக்கு உதவச் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். அவரைக் காணக் காத்திருந்தோருக்குத் தேநீர் கொடுத்து உடனிருக்கத் தொண்டர்கள் சிலர் வந்தனர். காத்திருந்தோரிற் பலர் அத்தொண்டர்களிடம் பேசி மனம் ஆறி, பாதிரியாரைக் காணாமலே திரும்பிச் செல்வதை அவர் கவனித்தார். அடுத்த ஆண்டே அப்பணியைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். தலைவர் ஒருவர் தம் இடத்தைத் தாமே விட்டுக்கொடுத்த அரிய நிகழ்ச்சி இது. இவ்வமைப்பின் வழியிலேயே 1974இல் நம் நாட்டிற் சுமித்ரயோ தோன்றியது.

இவ்விடத்தில் தலைமை பற்றிய வினாவுக்கு வருகிறோம். தோட்டப்புறத்தில் தலைமை என்றால் என்ன? முதலில் கங்காணி இருந்தார். தமிழகத்திலிருந்து ஆட்களைத் திரட்டி வந்தவர் அவர். துரையிடம் தொழிலாளருக்காகப் பேசியவரும் தொழிலாளரிடம் துரைக்காகப் பேசியவரும் அவரே. வேலைக்கு இறங்கும் ஒவ்வோர் ஆளின் பேராலும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. பின்னர் தொழிற்சங்கம் வந்தது. தோட்டத் தலைவர் வந்தார். மாதர் சங்கத் தலைவி வந்தாள். கங்காணி பறித்த உரிமைகள் பலவற்றைச் சங்கம் மீட்டது என்பது மறுக்க முடியாத வரலாறு. ஆயினும் இரண்டுக்கும் பொதுவானதோர் இயல்பு உண்டு. இரண்டிலும் ஒருவர் பலருக்காகப் பேசுகிறார். பலர் பின்னே நிற்க, ஒருவர் முன்னே நின்று குரல் கொடுக்கிறார். சம்பளத்துக்கும் காணிக்கும் வீட்டுக்கும் இத்தலைமை இன்றியமையாதது. தனித்தனியே கேட்டாற் கிடைக்காதது கூட்டாகக் கேட்டாற் கிடைக்கும்.

ஆனால் துயரில் ஒருவருக்காக இன்னொருவர் பேச இயலாது. “நம்ம சனம் ரொம்ப வேதனையில இருக்குதுங்க” என்று தலைவர் ஒருவர் வந்தவர்களிடம் கூறும்போது, அவர் கூறுவது உண்மையே. ஆயின் அவ்வாக்கியத்தில் எந்தத் தாயின் வேதனையும் இல்லை. வேதனை பொதுப்பெயரானதும் வேதனைப்படுபவர் மறைந்துவிடுகிறார். எனவே, சங்கத்தின் தலைமை முறையை அப்படியே ஆறுதற் குழுவுக்குள் கொண்டுவருவோமாயின், அங்கே நன்றாகப் பேசத் தெரிந்தவரின் துயரே எல்லோருடைய துயராகவும் அறிவிக்கப்படும். பேசத் தெரியாதவர் இரண்டாம் முறையும் புதைக்கப்படுவார். கங்காணி முறையின் நிழல் இன்னும் ஒரு வகையில் விழக்கூடும். குழு எத்தனை முறை கூடியது, எத்தனை பேர் வந்தனர் என்று இடாப்பு எழுதி, அத்தொகையைக் கொண்டு தன் பெயரை வளர்ப்பவர், அழும் தலைகளுக்குத் தலைக்காசு பெறுபவரேயாவார்.

அவ்வாறாயின் ஆறுதற் குழுவுக்கு ஏற்ற தலைமை எத்தகையது? அதற்கான முன்மாதிரி நம் இலக்கியத்திலேயே உண்டு. இலங்கைத் தமிழில் உளவளத்துணையைக் குறிக்க ஆற்றுப்படுத்தல் என்ற சொல்லும் வழங்குகிறது. சங்கத் தமிழ் பயின்றோர்க்கு அச்சொல் ஆற்றுப்படை நூல்களை நினைவூட்டும். ஆற்றுப்படையில் வழிகாட்டுபவன் வள்ளல் அல்லன்; புலவர் குழாத்தின் தலைவனும் அல்லன். நேற்றுவரை வறுமையில் வாடி, இன்று பரிசில் பெற்றுத் திரும்பும் ஒரு கலைஞன் அவன். எதிரே வாடி வரும் இன்னொரு கலைஞனை வழியிற் காண்கிறான்; தான் சென்ற வழியைக் கூறுகிறான்; தன் வழியே செல்கிறான். கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம், மலைவழியில் எதிர்ப்படக்கூடிய இடர்களையும் எடுத்துரைத்து எச்சரிக்கிறது. எதிரே வருபவனின் கால்களால் வழிகாட்டுபவன் நடப்பதில்லை. அவன் குரலால் பேசுவதுமில்லை. அவனுக்குள்ள ஒரே தகுதி, அவ்வழியைத் தானும் நடந்தவன் என்பதே.

கங்காணித் தலைமைக்கும் ஆற்றுப்படைத் தலைமைக்கும் உள்ள இவ்வேறுபாட்டை இக்கட்டுரையின் மையக் கருத்தாகக் கொள்ளலாம். ஆற்றுப்படைத் தலைமைக்கு உரிய கடமைகளாக மூன்றினைக் கூறலாம்.

முதலாவது, பேசாதிருக்கும் உரிமையைக் காத்தல். பேசினாற் பாரம் குறையும் என்பது பொதுவாக உண்மையே. ஆனால் எப்பொழுதும் உண்மையன்று. பேரதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனடியாக ஓர் அமர்வில் அனைத்தையும் சொல்லச் செய்யும் முறை ஒரு காலத்திற் பல நாடுகளில் வழக்கிலிருந்தது. 2002இல் வெளியான கொக்ரேன் ஆய்வுத் தொகுப்பு, அம்முறையாற் பயன் விளைவதாகச் சான்றில்லை எனவும், சிலருக்கு அது தீங்காகலாம் எனவும் எடுத்துக்காட்டியது. உலக சுகாதார நிறுவனம் முதலியன 2011இல் வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டி, துயருற்றவரைப் பேசுமாறு வற்புறுத்தலாகாது என்பதை வலியுறுத்துகிறது. இக்கட்டுரையாளர் அறிந்த ஒரு சம்பவம் ஈண்டு நினைவுகூரத் தக்கது. பதுளை மாவட்டத் தோட்டமொன்றில், பிள்ளை மடுவத்தின் திண்ணையில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில பெண்கள் கூடுவர். அவர்களுள் ஒருவர் மூன்று வாரங்கள் வந்தும் வாய் திறக்கவில்லை. அவரை யாரும் கேட்கவுமில்லை. நான்காம் வாரம் புதிதாக வந்த ஒரு பெண் பேச முயன்று முடியாமல் விம்மியபோது, பேசாதிருந்தவர் எழுந்து சென்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தம் வெற்றிலையிற் பாதியை அவர் கையில் வைத்தார். “அவசரமில்ல தங்கச்சி, நானும் இன்னும் சொல்லல” என்றார். அன்றைய தலைமை அவருடையதே என்பதில் ஐயமில்லை.

இரண்டாவது, கேட்டதைக் காத்தல். இது தோட்டத்தில் மிகக் கடினமான கடமை. பத்தடிக்குப் பன்னிரண்டடி லயக் காம்பிராவில், பழைய லயங்கள் பலவற்றில் இடைச்சுவர் கூரையை எட்டாதிருக்க, ஒரு வீட்டின் இருமலும் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். இரகசியம் என்பதே அங்கு வசதி படைத்தோர்க்கு உரிய பொருள் போலாகிவிட்டது. அத்தகைய இடத்தில் ஒருவர் கூறியதை வெளியே விடாத பத்துப் பேர் இருப்பது, சுவரில்லாத வீட்டுக்குச் சுவர் எழுப்புவதற்கு நிகராகும். வள்ளுவர் நட்புக்குக் கூறிய உவமையில், நெகிழும் ஆடையை நோக்கி விரையும் கை யாரையும் வழிநடத்துவதில்லை. மறைக்க வேண்டியதை மறைக்கிறது. பௌத்த நூல்கள் கூறும் படாசாராவின் வரலாறும் இதனையே சுட்டுகிறது. கணவனையும் இரு குழந்தைகளையும் இழந்து, மழையில் வீடு இடிந்து பெற்றோரும் சகோதரனும் மாண்டதைக் கேட்டு, ஆடை நழுவியதும் அறியாது அலைந்தாள் அவள். புத்தரின் அவையில் ஒருவர் தம் மேலாடையை எறிந்து அவளை மூடினார். அதன் பின்னரே உபதேசம் தொடங்கியது. பிற்காலத்தில் மக்களை இழந்த பெண்கள் பலர் படாசாராவைத் தேடி வந்து தேறினர் எனத் தேரிகாதை மரபு கூறுகிறது. மழையில் இடிந்த வீட்டிலிருந்து வந்தவள் பிற பெண்களுக்கு வழிகாட்டியானாள். போதனைக்கு முன் போர்வை என்ற ஒழுங்கை அவள் மறந்திருக்க மாட்டாள்.

மூன்றாவது, தன் எல்லையை அறிதல். ஆற்றுப்படுத்துபவன் வள்ளலிடம் அனுப்புகிறான், தானே வள்ளலாகிவிடுவதில்லை. உறக்கமும் உணவும் அற்றுப்போனவரையும், சாவை நாடுவதாகக் கூறுபவரையும் குழுவுக்குள்ளேயே வைத்திருக்க முயல்வது அன்பன்று, ஆணவம். அவரைத் தனியே விடாது, உடன் துணையாகச் சென்று பதுளை பெரியாஸ்பத்திரியின் உளமருத்துவப் பிரிவில் ஒப்படைப்பதே கடமை. 1926 என்ற தேசிய உளநல உதவித் தொலைபேசி இலக்கத்தை எல்லோரும் அறியச் செய்வதும் கடமை. இன்னுமோர் ஆபத்து தலைவரின் உள்ளத்திலேயே உண்டு. பிறர் தம்மிடம் அழுவது ஒருவருக்கு மதிப்பைத் தருகிறது. அம்மதிப்பு பழகிவிட்டால், பிறர் தேறுவதை அவர் உள்ளூர விரும்பாமற் போகலாம். ஒப்பாரியில் தொடங்கியவள் பின் கேட்பவளாவதைப் போல, இங்கும் தலைமை கைமாறிக்கொண்டே இருத்தல் வேண்டும். தன் முறை வரும்போது தன் துயரையும் கூற முன்வராத தலைவர், பிறர் கூறுவதைக் கேட்கும் தகுதியை மெல்ல இழக்கிறார்.

இக்கருத்துக்கு எதிராக மூன்று ஆட்சேபங்கள் எழக்கூடும். துன்பம் அனுபவித்தவரே வழிகாட்ட முடியுமாயின், தொழில்முறை உளவளத்துணையாளருக்கு இடமில்லையா என்பது ஒன்று. இடமுண்டு. பாதை அறிந்தவரும் பாதை வகுக்கக் கற்றவரும் வேறு வேறானவர், இருவரும் தேவை. ஆனால் கற்றவர் பாயில் உட்கார மனமின்றிக் கதிரை கேட்பாராயின், அவர் துரைமார் வரிசையிற் சேர்ந்தவராகவே கொள்ளப்படுவார்.

இரண்டாவது ஆட்சேபம், பேச்சினால் உயிர் காக்கப்படுவதில்லை என்பது. இதனை எளிதில் ஒதுக்க இயலாது. 1990களின் நடுப்பகுதியில் இலங்கையின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 ஆக உயர்ந்து, உலகின் மிக உயர்ந்த வீதங்களுள் ஒன்றாக இருந்தது. அதன் பின்னர் அது பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அக்குறைவுக்குப் பெருங் காரணமாக ஆய்வாளர் கூறுவது, 1984 முதல் படிப்படியாகக் கொடிய பூச்சிகொல்லிகள் தடைசெய்யப்பட்டமையையே. ஆறுதற் குழுக்கள் இவ்வுண்மைக்கு முன் பணிவு கொள்ள வேண்டும். சட்டமும் கொள்கையும் செய்ய வேண்டியதைக் கண்ணீர் செய்துவிடாது. ஆயினும் தடையினாற் பிழைத்தவர் பிழைத்த பின் வாழவும் வேண்டுமன்றோ? நஞ்சை அகற்றுவது சட்டத்தின் வேலை. நஞ்சை நாடச் செய்த தனிமையை அகற்ற மனிதர் வேண்டும்.

மூன்றாவது ஆட்சேபமே மிகக் கூர்மையானது. அநீதியால் விளைந்த துயருக்கு ஆறுதல் கூறுவது அந்த அநீதியோடு மக்களைச் சமாதானப்படுத்துவதாகாதா? மீரியபெத்தை மலை சரியக்கூடும் என்றும், மக்களை அங்கிருந்து அகற்ற வேண்டும் என்றும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. மக்கள் அகற்றப்படவில்லை. போக வேறு காணி அவர்களிடம் இருக்கவுமில்லை. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அம்மலையை வளமாக்கியவர்களுக்கு அம்மலையில் ஒரு துண்டு நிலமும் சொந்தமாக இல்லாமையே அந்த மரணங்களின் பின்னணி. இந்நிலையில் ‘மனத்தை ஆற்றிக்கொள்ளுங்கள்’ எனக் கூறுவது யாருக்கு வசதி?

இவ்வாட்சேபத்தின் நியாயத்தை ஏற்றே விடை கூற வேண்டும். துயரின் காரணத்தை விதி என்றும் இயற்கை என்றும் மட்டும் கூறி முடிக்கும் குழு, ஆறுதற் குழுவன்று, மயக்க மருந்து. காரணத்தைப் பெயர் சொல்லிக் கூற விரும்புபவரைத் தடுக்கும் தலைமை, கங்காணித் தலைமையே. ஆயின் இதன் மறுபக்கமும் உண்மை. போராட்டத்துக்குப் பயன்படும் என்பதற்காக ஒரு தாயை மேடையேற்றி, அவள் கண்ணீரைச் சான்றாகக் காட்டுவதும் அநீதியே. குழு மேடையாகவும் கூடாது; மேடையை மூடும் திரையாகவும் கூடாது. உரிமை கேட்கும் சங்கமும் துயர் கேட்கும் வட்டமும் ஒரே தோட்டத்தில் தனித்தனியே இருக்க வேண்டும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஒருவர் தம் விருப்பப்படி நடந்து செல்லும் வழி திறந்திருக்க வேண்டும். தன் இழப்பைத் தன் சொல்லால் ஒருமுறையேனும் கூறி, அது நம்பிக் கேட்கப்பட்டதை அனுபவித்த ஒருவர், காணி கேட்டுக் கச்சேரி வாசலில் நிற்கும்போது இரந்து நிற்கமாட்டார். ஆறுதல் கோபத்தை அணைக்க வேண்டியதில்லை. கோபத்துக்கு நிதானத்தைத் தரலாம்.

பல்கலைக்கழகத்துக்கு வரும் மலையக மாணவர் தொகை முன்னைய தலைமுறையினும் கூடியுள்ளது. நம்மிற் பலர் ஆசிரியராக, அலுவலராக, உளவளத்துணையாளராக அதே தோட்டங்களுக்குத் திரும்புவோம். திரும்பும்போது மக்களுக்காகப் பேசும் ஆர்வம் நம்மிடம் இயல்பாகவே இருக்கும். அவ்வார்வம் வேண்டற்பாலதே, அதற்கு உரிய இடம் சங்கமும் சபையும் பத்திரிகையும் ஆகும். துயர் கேட்கும் வட்டத்துக்குள் நுழையும்போதோ நாம் கற்ற சொற்களை வாசலில் விட்டுச் செல்லப் பழக வேண்டும். அங்கே நமக்காகக் காத்திருப்பது தலைவருக்குரிய ஆசனமன்று, பாயில் ஓர் இடம் மட்டுமே. அதில் அமர்ந்து, நம் முறை வரும்வரை கேட்டிருந்து, நம் முறை வரும்போது மறைக்காது கூறி, அடுத்தவருக்கு இடம்விட்டு எழக் கற்றுக்கொண்டவரே அங்கு தலைமைக்குத் தகுதியுடையவர் என்பது எமது துணிபு.